கதவு யார் கையில்?

2025 அக்டோபர் முதல் வாரத்தில் வண்டலூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் சிங்க உலாவிடத்தில் புதிதாகத் திறந்துவிடப்பட்ட ஓர் ஆண் சிங்கம் மாலையில் தன் கூண்டுக்குத் திரும்பவில்லை. ஏறக்குறைய 50 ஏக்கர் புதர்க்காடு அது, சுற்றிலும் வேலி. ஊழியர்கள் தேடினார்கள், ட்ரோன் பறக்கவிட்டார்கள். சிங்கம் மாயம் என்று செய்தி ஓடியது. ஓரிரு நாளில் சிங்கம் தானாகவே வந்து சேர்ந்தது. வேலியை அது தாண்டவே இல்லை.

செய்தியாளர்களுக்கு விஷயம் அதோடு முடிந்தது. எனக்கு அங்கேதான் தொடங்கியது. அந்தச் சிங்கம் அப்படி என்ன செய்துவிட்டது? தனக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில், தனக்கென்று வளர்க்கப்பட்ட புதர்களுக்கு நடுவே, இரவைக் கழித்தது. சிங்கம் இரவில் நடமாடும் விலங்கு. வெயில் தாழ்ந்த பிறகுதான் அதன் உடம்பு விழிக்கிறது. அந்த நேரத்தில்தான் நாம் அதை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிறோம். ஒரு சிங்கம் இரவில் வெளியே இருந்தது என்பதே ஊரைக் கலக்கும் செய்தியாகிறது என்றால், அது உள்ளே இருப்பதை எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

உயிரியல் பூங்காக்களில் விலங்குகளின் நலம் பற்றிய பேச்சு எப்போதும் ஏக்கர் கணக்கில் நடக்கிறது. நகரத்துக்குள் இருக்கும் பூங்கா குறுகலானது, ஆகவே கொடுமை. ஊருக்கு வெளியே பரந்து கிடப்பது திறந்தவெளி, ஆகவே கருணை. இந்தக் கணக்கில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். எப்போது உள்ளே போவது, எப்போது வெளியே வருவது, யாரோடு இருப்பது, யார் கண்ணில் படுவது: இவற்றில் எத்தனையை அந்த விலங்கு தானே தீர்மானிக்கிறது என்பதுதான் நலத்தின் அளவுகோல் என்று நினைக்கிறேன். கதவு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு நகரப் பூங்காவும் பதில் சொல்லியாக வேண்டும், திறந்தவெளிப் பூங்காவும் பதில் சொல்லியாக வேண்டும்.

*

சென்னையின் கதையில் இரண்டு வகைப் பூங்காக்களும் இருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், வளாகத்தில் உயிருள்ள விலங்குகளை வைத்ததும் கூட்டம் பெருகுவதைப் பார்த்தார். கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி 1855இல் ஒரு மிருகக்காட்சிச்சாலையைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பொது மிருகக்காட்சிச்சாலை என்று சொல்லப்படுவது இதுதான். 1860களில் அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சிச்சாலையை உயிர் காலேஜ் என்றும் சென்னைவாசிகள் சொன்னார்கள். ஒரு பக்கம் ரயில் ஊதல், இன்னொரு பக்கம் மூர் மார்க்கெட்டின் பேரம், நடுவில் கம்பிக்குப் பின்னால் சிங்கமும் புலியும். நூறாண்டுகளுக்கு மேல் அந்த இடத்தில்தான் மதராஸ் குழந்தைகள் காட்டு விலங்குகளைப் பார்த்து வளர்ந்தார்கள்.

நகரம் நெருங்க நெருங்க அங்கே இருக்க முடியாமல் போயிற்று. 1976இல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1979இல் வேலை தொடங்கி 1985 ஜூலையில் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மூர் மார்க்கெட் எரிந்து சாம்பலாகியிருந்தது. பிறகு இன்னும் நிலம் சேர்ந்து வண்டலூர் 602 ஹெக்டேராக வளர்ந்தது. மரம், ஏரி, வலசைப் பறவைகள், கம்பிக்குப் பதில் அகழி. பீப்பிள்ஸ் பார்க்கின் கூண்டோடு ஒப்பிட்டால் இது பெரிய பாய்ச்சல். அதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது.

ஆனால் அகழியின் வரலாறு சற்று எச்சரிக்கையானது. கம்பியை எடுத்துவிட்டு, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தால் விலங்கைப் பிரித்துவைக்கும் முறையைப் பரப்பியவர் ஹாம்பர்க் நகரத்து விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக். 1907இல் ஷ்டெல்லிங்கனில் அவர் திறந்த பூங்காவில், செயற்கைப் பாறைமேல் கம்பியில்லாமல் நின்ற சிங்கத்தைப் பார்த்து ஐரோப்பா வியந்தது. இதே ஹாகன்பெக் இலங்கையிலிருந்தும் வேறு பல நாடுகளிலிருந்தும் மனிதர்களைக் கூட்டிவந்து, அவர்கள் வாழும் குடிசைகளைப்போல் கட்டி, கட்டணம் வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டியவரும்கூட. அவருக்கு நன்கு தெரிந்த கலை ஒன்றுதான்: பார்ப்பவரின் மனத்தை உறுத்தாமல் காட்டுவது. அகழி விலங்குக்கும் நல்லது செய்தது, சந்தேகமில்லை. பார்ப்பவரின் உறுத்தலுக்கு அது அதைவிட விரைவாக மருந்து போட்டது.

பார்ப்பவருக்காகக் கட்டியதை விலங்கு எப்படி அனுபவிக்கிறது என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி நிற்கிறது. 1934இல் பெர்தோல்டு லுபெட்கின் குழு கட்டிய பெங்குவின் குளம், வெண்ணிறக் கான்கிரீட்டில் ஒன்றையொன்று சுற்றி இறங்கும் இரு சரிவுகளோடு, நவீனக் கட்டடக் கலையின் முத்திரைப் படைப்பாகக் கொண்டாடப்பட்டது. அந்தக் கான்கிரீட் தரை பெங்குவின்களின் பாதங்களைச் சிராய்த்து நோயுண்டாக்கியது. 2004இல் அவை வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. குளம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இன்றும் இருக்கிறது. கட்டடமாக அது வெற்றி; பறவையின் வீடாக அது தோற்றது. இரண்டும் உண்மை.

*

இடத்தை விலங்கின் பக்கமிருந்து பார்க்கும் சிந்தனையை முறைப்படுத்தியவர் சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர். பெர்ன், பாசல், சூரிச் என்று மூன்று நகரப் பூங்காக்களை அடுத்தடுத்து நிர்வகித்தவர். 1942இல் வெளிவந்த அவருடைய நூல்தான் அடைப்பிலிருக்கும் காட்டு விலங்கின் வாழ்க்கையை அறிவியலாகப் பார்க்கத் தொடங்கியது. காட்டிலிருக்கும் விலங்கு நாம் கற்பனை செய்வதுபோல் எல்லையற்ற சுதந்திரத்தில் திரிவதில்லை என்றார் ஹெடிகர். தன் எல்லை, தன் தடம், தன் நீர்த்துறை, தன் உறங்குமிடம் என்று அது ஒரு வகுக்கப்பட்ட உலகில் வாழ்கிறது. மனிதன் எவ்வளவு நெருங்கினால் ஓட வேண்டும் என்ற தூரமும் ஒவ்வோர் இனத்துக்கும் உண்டு. அடைப்பின் குறுக்களவு அந்தத் தூரத்தைவிடக் குறைந்தால், அந்த விலங்கு நாள் முழுவதும் ஓடத் தவிக்கும் நிலையிலேயே இருக்கிறது. ஆகவே எவ்வளவு இடம் என்று கேட்பதற்கு முன் என்ன மாதிரியான இடம் என்று கேட்கச் சொன்னார்.

ஹெடிகர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இடம் ஒரு பொருட்டே இல்லை என்று வாதாடுபவர்களும் உண்டு. அது தவறு. 2003இல் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் பல நாட்டுப் பூங்காக்களின் ஊனுண்ணிகளை ஒப்பிட்டார்கள். காட்டில் எவ்வளவு பரந்த எல்லையில் ஒரு விலங்கு திரிகிறதோ, அடைப்பில் அது அவ்வளவு அதிகமாக ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கிறது, அதன் குட்டிகளும் அதிகம் சாகின்றன என்பது அவர்கள் கண்டது. பூங்காவில் துருவக் கரடிக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடம், காட்டில் அதன் மிகச் சிறிய எல்லையில்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். 2008இல் வெளியான இன்னோர் ஆய்வு யானைகளைப் பற்றியது. ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆப்பிரிக்கப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 16.9 ஆண்டுகள், கென்யாவின் அம்போசெலியில் மனிதர் கையால் சாகாத பெண் யானைகளுக்கு அது 56. ஆசிய யானைகளிலும் இதே கதை: பூங்காவில் பிறந்தவற்றுக்கு 18.9, மியான்மரில் மரம் இழுக்கும் யானைகளுக்கு 41.7. வேலை வாங்கப்படும் யானைகூடப் பூங்கா யானையைவிட இருமடங்கு வாழ்ந்திருக்கிறது.

கோயில் வாசலில் காலில் சங்கிலியோடு நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கும் யானையைத் தமிழர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழந்தைக்குக் காட்டி, பார், யானை ஆடுகிறது என்று மகிழ்ந்தும் இருக்கிறோம். போக்கிடமில்லாத உடம்பு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி அது என்பதை அறிந்த பிறகு அந்தக் காட்சியை முன்போல் பார்க்க முடிவதில்லை.

ஆகவே நகரப் பூங்கா செய்ய வேண்டிய முதல் நற்செயல், சில விலங்குகளை வைத்திருப்பதில்லை என்று முடிவெடுப்பது. சிங்கப்பூர் அதைச் செய்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிய வெக்கையில் 1990இல் பிறந்த இனுகா என்ற துருவக் கரடியை அது 2018இல் முதுமையில் இறக்கும்வரை பராமரித்தது. இனித் துருவக் கரடி வேண்டாம் என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தீர்மானித்துவிட்டது. லண்டன் பூங்கா 2001இல் தன் யானைகளை ஊருக்கு வெளியே இருக்கும் விப்ஸ்னேடுக்கு அனுப்பியது. விப்ஸ்னேடு 1931இலேயே திறந்தவெளிப் பூங்காவாகத் தொடங்கப்பட்டது. டெட்ராய்ட் பூங்கா 2005இல் தன் இரண்டு யானைகளையும் கலிஃபோர்னியாவின் சரணாலயம் ஒன்றுக்கு அனுப்பியது. குளிர்நாட்டில் அவற்றை அடைத்துவைப்பது நியாயமில்லை என்பதுதான் அது சொன்ன காரணம். 2025 பிப்ரவரியில் மெல்போர்ன் பூங்காவின் ஒன்பது ஆசிய யானைகளும் வெரிபீ திறந்தவெளிப் பூங்காவில் 21 ஹெக்டேர் பரப்புள்ள புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1862இல் தொடங்கிய அந்த நகரப் பூங்கா, யானையில்லாத பூங்காவாகத் தன்னை மாற்றிக்கொண்டது.

யானை போனால் நகரப் பூங்காவில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்களுக்கு அதே மெல்போர்னில் பதில் இருக்கிறது. லார்டு ஹோவ் தீவின் குச்சிப்பூச்சி அற்றுப்போய்விட்டது என்றே உலகம் நம்பியிருந்தது. 2001இல் கடல் நடுவே செங்குத்தாக நிற்கும் ஒரு பாறையில், ஒரு புதரடியில், அந்தப் பூச்சிகள் சில உயிரோடு இருப்பது தெரிந்தது. 2003இல் மெல்போர்ன் பூங்காவுக்கு ஒரு ஜோடி வந்தது. அந்த ஜோடியின் வழியில் பல தலைமுறைகள் பிறந்து, ஆயிரக்கணக்கில் பெருகி, வேறு நாட்டுப் பூங்காக்களுக்கும் போயின. ஓர் இனத்தை அழிவின் வாசலிலிருந்து இழுத்துவர அங்கே தேவைப்பட்டது ஒரு கண்ணாடி அறையும், சரியான இலையும், இரவு முழுக்கக் கண்விழித்த சில மனிதர்களும்தான். தவளை, ஆமை, பாம்பு, பூச்சி, சிறு பறவை என்று நகரத்துக்குப் பொருந்தும் உயிர்கள் ஏராளம். சென்னைக்கும் இந்த மரபு உண்டு: ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கி 1972இல் கிண்டிக்கு வந்த பாம்புப் பண்ணை, பாம்பைக் கண்டால் அடிக்கும் ஒரு நகரத்துக்குப் பாம்பைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது.

இந்தியாவில் சட்டம் இந்தத் திசையில் ஓரளவு நடந்திருக்கிறது. 1992இல் உருவான மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், யானைகளைப் பூங்காக்களிலிருந்து முகாம்களுக்கு மாற்றும்படி 2009இல் உத்தரவிட்டது. கோவை வ.உ.சி. பூங்கா போதிய இடமின்றி 2022இல் அங்கீகாரத்தை இழந்தது. யானை உத்தரவு இன்னும் முழுதாக நிறைவேறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

இனி ஏக்கர் கணக்கின் மறுபாதி.

டெல்லி உயிரியல் பூங்காவில் சங்கர் என்று ஓர் ஆப்பிரிக்க யானை இருந்தது. 1998இல் ஜிம்பாப்வே அன்பளிப்பாகத் தந்த இரு கன்றுகளில் ஒன்று. துணை சில ஆண்டுகளில் இறந்துபோயிற்று. அதன்பிறகு தன் இனத்தில் இன்னோர் உயிரைக் காணாமல் இருபது ஆண்டுகளுக்குமேல் தனியாக வாழ்ந்த சங்கர், 2025 செப்டம்பரில் இறந்தது. யானை கூட்டமாக வாழும் விலங்கு. நமக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியில் அது தொலைவிலிருக்கும் யானையோடு பேசும். சங்கருக்கு நூறு ஏக்கர் கொடுத்திருந்தாலும் அந்தத் தனிமை தீர்ந்திருக்காது. நாடுகளுக்கிடையே நட்பின் அடையாளமாகக் கொடுக்கப்பட்ட உயிருக்கு ஒரு நட்பு வாய்க்கவில்லை.

அடுத்தது நேரம். வண்டலூர் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை திறந்திருக்கும் பூங்கா. வேறு பல பூங்காக்களும் ஏறக்குறைய அப்படித்தான். அதாவது நாம் பார்க்கும் நேரம் எட்டு மணி. பார்க்காத நேரம் பதினாறு மணி. பூங்கா விலங்கின் வாழ்க்கையில் மூன்றில் இரண்டு பங்கு நமக்குத் தெரியாத இடத்தில் கழிகிறது. 2009இல் புதிய விதிகள் வரும்வரை நடப்பிலிருந்த 1992ஆம் ஆண்டின் பூங்கா அங்கீகார விதிகளின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருந்தது. ஒரு ஜோடி புலிக்கோ சிங்கத்துக்கோ திறந்தவெளி அடைப்பு குறைந்தது 1,000 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்றது அது. ஒரு புலியின் இரவுக் கூண்டு குறைந்தது 2.75 மீட்டர் நீளம், 1.80 மீட்டர் அகலம். பெருக்கினால் ஐந்து சதுர மீட்டர்கூட வரவில்லை. இவை குறைந்தபட்ச அளவுகள்; நல்ல பூங்காக்கள் கூடுதலாகக் கொடுக்கின்றன. ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் மனம் எப்படி வேலை செய்கிறது என்று புரியும். கண்ணில் படும் இடத்துக்கு ஆயிரம், கண்ணில் படாத இடத்துக்கு ஐந்து.

திறந்தவெளிப் பூங்காவுக்கு வேறு குறைகளும் உண்டு. மந்தையாகத் திரியும் மான்களில் ஒன்று நொண்டினால், நகரப் பூங்காவின் காப்பாளர் அன்று காலையே கண்டுபிடித்துவிடுவார்; 50 ஏக்கரில் அது நாட்கணக்கில் தெரியாமல் போகலாம். வலியது தின்று மெலியது பட்டினி கிடப்பதும் நடக்கும். சஃபாரி வண்டியில் பணம் கட்டி ஏறியவர்கள் ஏமாறக் கூடாது என்று, வண்டிப் பாதையின் ஓரத்திலேயே தீனி வைத்து விலங்குகளை அங்கேயே நிற்கப் பழக்குவதும் உண்டு. அப்போது பெயரளவில் பரந்த வெளி, நடப்பில் சாலையோரத்து நாலு சென்ட். நிழல் இல்லாத, மறைவு இல்லாத, மேடு பள்ளம் இல்லாத வெறும் புல்வெளி எத்தனை ஏக்கர் இருந்தாலும் சிறுத்தைக்கு அது பொட்டல்தான். மரமேறி, கிளையில் கால்களைத் தொங்கவிட்டுப் படுக்க விரும்பும் விலங்குக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம்.

*

இத்தனை குறைகளையும் ஒரே இடத்தில் தொடும் ஓர் ஆய்வு இருக்கிறது. அது நடந்தது சிகாகோ நகரின் நடுவே, லிங்கன் பார்க் பூங்காவில். இரண்டு துருவக் கரடிகள். வழக்கமாகப் பகலில் அவற்றைக் காட்சி அடைப்பில் விட்டு, பின்னாலிருக்கும் அறைக்குப் போகும் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆய்வுக்காக அந்தக் கதவைத் திறந்தே வைத்தார்கள். கரடிகள் விரும்பினால் உள்ளே போகலாம், விரும்பினால் வெளியே இருக்கலாம். அவை ஒரே தடத்தில் நடப்பது குறைந்தது, தங்களுக்குள் விளையாடுவது கூடியது. உள்ளே போய் அவை அதிக நேரம் இருந்துவிடவுமில்லை. சான் டியேகோவில் பாண்டாக்களிடம் இதையே செய்து பார்த்தபோதும் பதற்றத்தின் அறிகுறிகள் குறைந்தன. சிறுநீரில் அழுத்தத்தைக் காட்டும் சுரப்பின் அளவும் இறங்கியது.

இந்த முடிவை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஓர் அடி நிலம்கூட அங்கே கூடவில்லை. ஒரு கல் புதிதாக வைக்கப்படவில்லை. போகலாம் என்று இருந்ததே போதுமானதாக இருந்தது. சொந்த வீட்டில் கதவை வெளியிலிருந்து தாழிட்டுவிட்டால், எங்கும் போகும் உத்தேசமில்லாதவனுக்கும் மூச்சு முட்டுவதுபோல்தான் இதுவும்.

பண்ணை விலங்குகளுக்காக 1965இல் பிரிட்டனில் பிராம்பெல் குழு தந்த அறிக்கை, விலங்கு எழ, படுக்க, திரும்ப, உடம்பைத் துடைத்துக்கொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்ற அளவில் பேசியது. பசி, வலி, பயம் இல்லாமலிருத்தல் முதலான ஐந்து சுதந்திரங்கள் அதிலிருந்து வளர்ந்தன. 1994இல் நியூசிலாந்தின் டேவிட் மெல்லர் முன்வைத்த ஐந்து களங்கள் அதற்கு ஒரு படி மேலே போயின: உணவு, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கும் சேர்ந்து விலங்கின் மனநிலையை எப்படி ஆக்குகின்றன என்று அது கேட்டது. துன்பம் இல்லை என்பதோடு நின்றுவிடாமல், இன்பம் உண்டா என்றும் அது பின்னாளில் கேட்கத் தொடங்கியது. இன்று பல நாட்டுப் பூங்காக்கள் இந்தக் கேள்வியைத்தான் கையில் வைத்திருக்கின்றன.

இந்த நோக்கில் நகரப் பூங்கா செய்யக்கூடியவை நிறைய. கிண்ணத்தில் கொட்டிய தீனி ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. அதே தீனியை மரப்பொந்திலும் மூங்கில் குழாயிலும் பனிக்கட்டிக்குள்ளும் ஒளித்துவைத்தால் அரை நாள் வேலை கிடைக்கிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க் பூங்காவில் கஸ் என்ற துருவக் கரடி 1994இல் நாளின் பெரும்பகுதியை எட்டு வடிவில் நீந்தியே கழித்தபோது, நடத்தை நிபுணரை வரவழைத்து இந்த வழியைத்தான் கையாண்டார்கள். நீச்சல் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. எது கூடும், எது கூடாது என்பதை அந்த ஒரே கரடி காட்டிவிட்டது: வேலை கொடுப்பது சலிப்புக்கு மருந்து, பனிக்கடலுக்கு மாற்று ஆகாது. தரையில் இடமில்லாத இடத்தில் உயரத்தைக் கொடுக்கலாம். ஓர் அடைப்பையும் இன்னொன்றையும் வலைப்பாதையால் இணைத்து, குரங்கையும் சிறுத்தையையும் இடம்மாறி உலவவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் அடைப்பிலும் பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாத ஒரு மூலை இருக்க வேண்டும்.

இரவு பற்றிய கேள்விக்கும் பதில்கள் உண்டு. சிங்கப்பூர் 1994இல் நைட் சஃபாரியைத் திறந்து பூங்காவின் நேரத்தையே புரட்டிப்போட்டது. இரவில் விழிக்கும் விலங்குகளை இரவில் பார்க்க மனிதர்கள் வரட்டும் என்றது. எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. கூண்டுக்கும் அடைப்புக்கும் நடுவே வேலியும் கூரைவலையும் கொண்ட ஓர் இரவு முற்றம் அமைத்தாலே, பதினாறு மணி நேரத்தின் பொருள் மாறிவிடும்.

காப்பாளர்கள் இதைக் கேட்டால் நியாயமான ஒரு மறுப்பைச் சொல்வார்கள். மாலையில் உள்ளே அழைப்பது வெறும் வசதிக்காக மட்டுமில்லை. தின்றதா, காயமிருக்கிறதா, மூச்சு சரியாக இருக்கிறதா என்று அருகில் பார்க்கும் நேரம் அது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது, சுற்றுச்சுவரையும் உடைத்தது. அப்படி ஓர் இரவில் பெரும்பூனைகள் வெளியே இருந்தால் என்ன ஆகும் என்ற கவலை அவர்கள் தலையில்தான் விழுகிறது. இந்தக் கவலையை நான் முழுதாக மதிக்கிறேன். அதற்கு வழி, வரவழைப்பதைப் பழக்கமாக்குவதுதான். கூப்பிட்டால் கறித்துண்டுக்காகக் கம்பியருகே வந்து, ஊசி போட உடம்பைச் சாய்த்துக் காட்டப் புலிகளைப் பல பூங்காக்கள் பழக்கியிருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையின் முதலைப் பண்ணையில் முதலைகளையே அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். வரத் தெரிந்த விலங்கைப் புயல் எச்சரிக்கை நாளில் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாம். மற்ற இரவுகளில் கதவைத் திறந்துவைக்கலாம். இதற்குத் தேவை இரவிலும் பணியில் இருக்கும் ஆட்கள், அவர்களுக்குப் பயிற்சி, முறையான சம்பளம். விலங்கு நலத்துக்கான பணம் முதலில் போக வேண்டிய இடம் காப்பாளரின் கைகள்தான்.

*

மிச்சமிருப்பது நாம். பூங்கா எதைக் கட்டுகிறது என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும் நம் ஆசைதான் தீர்மானிக்கிறது. புலி அடைப்பின் முன்னால் ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். புதருக்குள் புலி படுத்திருக்கும். விசில் பறக்கும், கல் விழும். பத்து நிமிடம் கழித்து, "இவ்வளவு தூரம் வந்து ஒண்ணுமே தெரியல" என்று குடும்பம் நகரும். அந்தச் சலிப்பு நிர்வாகத்தின் காதில் விழுகிறது. அடுத்த ஆண்டு புதர் வெட்டப்படுகிறது. ஒரு விலங்கின் மறைவிடத்தை வெட்டியது யார் என்று கேட்டால், அந்த அரிவாளில் நம் விரல்களும் இருக்கின்றன.

புலி தெரியாத அடைப்பு நல்ல அடைப்பாக இருக்கக்கூடும் என்று குழந்தைக்குச் சொல்லித்தர முடியும். அது இப்போது நம்மைப் பார்க்க விரும்பவில்லை, அதற்கு அந்த உரிமை உண்டு என்று சொன்னால் குழந்தைக்கு எளிதில் புரிகிறது. குழந்தைகளும் ஒளிந்துகொள்ள விரும்புகிறவர்கள்தானே. காத்திருந்து பார்ப்பதும், பார்க்காமல் திரும்புவதும் காட்டில் நடக்கும் விஷயங்கள். காட்டைப் பற்றிக் கற்றுத்தருவதாகச் சொல்லும் பூங்கா இதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

செலவில்லாத ஒரு காரியத்தைப் பூங்காக்கள் நாளையே செய்யலாம். ஒவ்வோர் அடைப்பின் முன்னாலும் விலங்கின் பெயரும் அறிவியல் பெயரும் தீனியும் எழுதிய பலகை இருக்கிறது. அதில் இரண்டு வரி சேர்க்கட்டும். மாலை ஐந்து மணிக்குப் பிறகு இந்த விலங்கு எங்கே இருக்கும், அந்த இடம் எத்தனை சதுர மீட்டர் என்று ஒரு வரி. அந்த நேரத்தில் கதவு திறந்திருக்குமா என்று இன்னொரு வரி. சென்னையோ மெல்போர்னோ, நகரத்துப் பூங்காவோ திறந்தவெளியோ, எல்லாவற்றுக்கும் இதே இரண்டு வரி. அவற்றை எழுதக் கூச்சப்படும் பூங்காவுக்கு, எங்கிருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பது அந்தக் கூச்சத்திலேயே தெரிந்துவிடும்.